கட்டத்துக்குள் வராத கை

நாங்கள் வாசிக்கும் மெல்லிய ஜாஸ் இசைக்குப் பல் டாக்டர் இசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் ஓடுவது, விமானம் கிளம்பும் முன் ஓடுவது, ஹோட்டல் வரவேற்பறையில் தொட்டிச் செடிக்குப் பின்னால் ஓடுவது. கேலி செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் வாயைத் திறந்துகொண்டு அந்த நாற்காலியில் படுக்கத்தான் போகிறார்கள். அப்போது காதருகில் ஒருவன் சாக்ஸஃபோனின் கழுத்தைத் திருகி அலறவிட்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. வாயில் பஞ்சு இருக்கும், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், பெயர் லவோன். சிகாகோவின் தென்புறம். என் அப்பா மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் காலுறை விற்றார். அவர் முதலில் சொல்லும் விலையை அவரே நம்பியதில்லை. வாங்க வருகிறவனும் நம்பியதில்லை. இரண்டு பொய்களும் நடுவழியில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் வியாபாரம் என்று பால்பல் விழும் முன்பே எனக்குத் தெரியும். அதனால்தான் வெர்னெட்டா கோல்ஸ்டனின் ஆல்பத்துக்குப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டி வந்தபோது என்னை முன்னால் தள்ளினார்கள்.

மிஸ் வெர்னெட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடகிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பியானோ வாசித்தே ஐம்பத்திரண்டு வயதைத் தொட்டவர். மேடையில் எல்லோர் பெயரையும் சொல்லி முடித்துக் கைதட்டும் ஓய்ந்த பிறகு, “ஆங், பியானோவில்...” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பகலில் தபால் பிரிக்கும் வேலை. அங்கே ஓர் இயந்திரம் நொடிக்கு ஒரு கடிதத்தை முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். அது நகர்வதற்குள் முகவரியைப் படித்து எண்ணைத் தட்டிவிட வேண்டும். தட்டுகிற கட்டைகள்கூடப் பியானோக் கட்டைகள் மாதிரியேதான் இருக்கும். மிஸ் வெர்னெட்டா அதில் பிசகியதே இல்லை என்று சொல்வார்கள்.

ஆனால் உண்மையான பியானோவில் உட்கார்ந்தால் கதையே வேறு. டிரம் விழும், என் பேஸ் விழும், அவர் கை மட்டும் ஒரு இமைப்பொழுது கழித்து இறங்கும். விருந்துக்கு வந்தவர் வாசலில் ஒரு கணம் நின்று, உள்ளே கேட்கும் சிரிப்பை ரசித்துவிட்டு நுழைவது போல. அந்த இடைவெளி எந்நேரமும் ஒரே அளவில் இருக்காது. சோகமான இடத்தில் கொஞ்சம் கூடும், குறும்பான இடத்தில் குறையும். அதைக் கேட்டால் தோள் தானாகத் தளரும். தோள் தளர்வதற்குத்தானே மனிதர்கள் இந்த இசையைக் கேட்கிறார்கள்?

‘பசிபிக் மிஸ்ட்’ என்ற லாஸ் ஏஞ்சலஸ் கம்பெனி அவரை வைத்து ஒரு ஆல்பம் போட வந்தது. அவர் பெயரில், அவர் படத்தோடு, அவரே தலைமை. ‘முதல்ல உட்காரு’ என்று அவரே தலைப்பு வைத்தார். ஒலிப்பதிவு நடத்த பிரென்ட் என்ற இளைஞன் வந்தான். நல்ல பையன்தான், வேர்க்கவே வேர்க்காத ஜாதி. எந்த விரல் எந்தக் கணத்தில் அழுந்தியது என்பதைக் கணினியில் பதிந்துவைக்கும் பியானோ ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் சத்தம் மிஸ் வெர்னெட்டாவுக்குப் பிடித்திருந்தது. நாங்கள் வாசித்தோம், அவன் தலையாட்டினான், ஊருக்குப் போனான்.

கோடையில் கேசட் வந்தது. அவருடைய பியூக் காரில், முடிதிருத்தும் கடைக்கு வெளியே நிறுத்திவைத்துக் கேட்டோம். முன்னால் அவர், பக்கத்தில் நான், பின்னால் டிரம் வாசிக்கும் பர்செல், அவன் மடியில் வறுத்த கோழிப் பொட்டலம்.

முதல் பாட்டு பாதி போயிருக்கும்.

“யாரு இது?” என்றார் மிஸ் வெர்னெட்டா.

“நீங்கதான்” என்றேன்.

“நான் இல்ல. இந்தப் பொண்ணு பஸ்ஸப் பிடிக்க ஓடுறா.”

பர்செல் கோழிக்காலைக் கீழே வைத்தான். அவன் எதற்காகவும் கோழியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. “மிஸ் வெர்னி, சுரம் எல்லாம் உங்களோடதுதான். ஆனா...”

“ஆனா என்ன?”

“பொணத்துக்குத் தலை சீவி விட்ட மாதிரி இருக்கு.”

ஒவ்வொரு சுரமும் டிரம்மின் தலை மேலேயே போய் உட்கார்ந்திருந்தது. பிசிறு இல்லை, பிழை இல்லை, யாரும் இல்லை. ஒன்பது பாட்டையும் கேட்டோம். முடிந்ததும் அவர் கேசட்டை வெளியே எடுத்து, டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு, அதைப் பூட்டினார்.

அடுத்த வாரம் பிரென்ட், ஆல்பத்தை ஒலிபரப்பச் சொல்ல எங்கள் ஊர் வானொலி நிலையத்துக்கு வந்திருந்தான். அங்கேயே ஒரு அறையில் சந்தித்தோம்.

“வெர்னெட்டா! எப்படி இருந்துச்சு?”

“மிஸ் கோல்ஸ்டன்” என்றார் அவர். “என் பியானோவ என்ன பண்ணின, தம்பி?”

“ஓ, அதுவா? சின்னதா ஒரு சரிசெய்தல். உங்க கை எல்லா இடத்துலயும் கொஞ்சம் லேட்டா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல தாளத்துக்குப் போட்டிருக்கிற கட்டத்துக்குள்ள எல்லாத்தையும் கொண்டாந்து உட்காரவெச்சேன். ஒரு ராத்திரி முழுக்க வேலை.” நன்றியை எதிர்பார்த்து நிற்கும் முகம் அது. அவனுக்கு அதில் சூதே இல்லை.

“லேட்டா?”

“கொஞ்சம்தான்.”

“செத்தவங்க பேருக்கு முன்னாடிதான் லேட்டுன்னு போடுவாங்க. எனக்கு அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இந்தக் கை இருபது வருஷமா மெஷினுக்குத் தட்டின கை. அங்க ஒருநாளும் நான் லேட்டானதில்ல, விசாரிச்சுப் பாரு. பியானோல மட்டுந்தான் லேட்டாவேன். அது எனக்கு நானே குடுத்துக்கிட்ட லீவு. அதை நீ ரத்து பண்ணியிருக்க.”

பிரென்ட் என்னைப் பார்த்தான். அவரிடம் பேசத் தெரியாதவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். “பாருங்க லவோன், நாங்க ரெண்டையும் சோதிச்சுப் பார்த்துட்டோம். ஒரு ஹோட்டல் ஹால்ல நேயர்கள உட்காரவெச்சு, கையில ஒரு திருகு குடுத்து, ஒவ்வொரு பாட்டுலயும் எட்டு நொடி போட்டுக் காட்டுவோம். பிடிச்சா வலது பக்கம் திருகுவாங்க. நேர் பண்ணினதுக்குத்தான் நிறையப் பேர் திருகினாங்க. நிலையங்க எல்லாம் அதைப் பார்த்துதான் பாட்டு எடுக்கும்.”

“எட்டு நொடியா?” என்றார் மிஸ் வெர்னெட்டா. “எட்டு நொடியில நான் நாற்காலியக்கூட சரியா இழுத்துப் போட்டுக்க மாட்டேனே.”

“சந்தை அப்படி இருக்கு, மேடம்.”

சந்தை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் அப்பா விழித்துக்கொண்டார். மிஸ் வெர்னெட்டாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பிரென்டிடம் பேச உட்கார்ந்தேன். பேரத்தில் அவன் குழந்தை. ஒன்பது பாட்டையும் பழையபடி வை என்றேன். முடியாது என்றான். கம்பெனி ஆல்பத்தையே கிடப்பில் போட்டுவிடும் என்றான். சரி, போகட்டும் என்று எழுந்து கதவு வரை நடந்தேன். கைப்பிடியில் கை வைக்கிற நேரத்தில் கூப்பிடுவான் என்று தெரியும். கூப்பிட்டான். ஒரு பாட்டு என்றான். ஆறு என்றேன். கடைசியில் நாலு பாட்டு அவர் கைப்படி, ஐந்து பாட்டு கணினியின்படி. அப்பா இருந்திருந்தால் எனக்குப் புதுக் காலுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்திருப்பார்.

வெளியே வந்து மிஸ் வெர்னெட்டாவிடம் சொன்னேன்.

“நாலா?”

“ஒண்ணுமே இல்லாம இருந்த இடத்துல நாலு!”

“அப்போ நான் நாலு பாட்டுல நானு, அஞ்சு பாட்டுல வேற யாரோ. என்னப் பாதிப் பாதியா நறுக்கி வித்துட்டு வந்திருக்க.”

“மிஸ் வெர்னி, பேரம்னா அப்படித்தான். ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்.”

“காலுறையில விட்டுக் குடு, லவோன். ஒரு காலுறை சிவப்பு, ஒரு காலுறை நீலம்னு யாராவது வாங்கிட்டுப் போவான். போ, அந்தத் தம்பிகிட்ட நாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வா.”

போய்ச் சொன்னேன். ஒப்புக்கொண்ட விலையைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத வேலை. பிரென்டுக்கு ஒரே சந்தோஷம். ஒன்பதும் அவன் பக்கம் வந்துவிட்டது. குறுந்தகடுகளை அச்சடித்து, படமும் போட்டு, அடுக்கியாகிவிட்டது. வெளியீட்டுக்கு எழுபத்தொன்பதாம் தெருவில், ஜோடி ஜோடியாகச் சறுக்கி ஆடும் ஸ்டெப்பிங் நடனக்காரர்கள் கூடும் அரங்கம், ஞாயிறு மதியம். வானொலி நேரலையாக ஒலிபரப்பும். மேடையில் நாங்கள் வாசிப்பது போல இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முக்கியமான சத்தம், திருத்திய பதிவை ஓட்டும் பிரென்டின் பெட்டியிலிருந்து வரும். மிஸ் வெர்னெட்டா அதன் மேலே லேசாகத் தடவிக்கொண்டிருந்தால் போதும்.

“சரி” என்றார் அவர்.

எந்த விலைக்கும் மறுக்கிறவர் திடீரென்று சரி என்றால் கடையை மூடிவிட்டு ஓட வேண்டும் என்பது எங்கள் தெருவில் பிறந்தவனுக்குத் தெரியும்.

ஞாயிறு மதியம் அரங்கம் நிரம்பிவிட்டது. வறுத்த கெளுத்தி மீனும் ஸ்பகெட்டியும் ஒரு பக்கம், பீச் பழப் பலகாரம் ஒரு பக்கம். ஆண்களுக்கு எலுமிச்சை நிற சூட்டும் அதே நிறத்தில் ஷூவும், பெண்களுக்குச் சுழன்றால் விரியும் பாவாடை. அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் பஸ் டிப்போவிலும் வாரம் முழுக்க நின்றே தேய்ந்த கால்கள், இங்கே மட்டும் சறுக்கும். மேடை ஓரத்தில் மேசை போட்டு, வானொலி அறிவிப்பாளர் லெமுவெல் ஹாட்லி உட்கார்ந்திருந்தார். அவர் குரல் தேனில் ஊறப்போட்ட குரல். தென்புறத்தில் பாதிப்பேர் அந்தக் குரலில்தான் கண் விழிப்பார்கள்.

பெட்டி ஓடியது. நாங்கள் அதன் மேல் தடவினோம். ஜோடிகள் ஆடினார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. கால் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். ஊதா தொப்பி வைத்த பெண்மணி ஒருத்தி மேடைக்கு வந்து, “அழகா இருக்கு, சிஸ்டர். என் வீட்டுக்காரர்கூட ரெண்டு சுத்து வந்துட்டாருன்னா பாத்துக்கோ” என்றாள்.

பிரென்ட் மேடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். குரலில் வெற்றி இல்லை, ஆறுதல்தான் இருந்தது. அதுதான் இன்னும் கடுப்பு. “பாத்தீங்களா, மிஸ் கோல்ஸ்டன்? வித்தியாசம் யாருக்குமே தெரியல.”

“எனக்குத் தெரியுது” என்றார் அவர்.

“நீங்க ஒருத்தர்தானே?”

“அட்டையில எத்தனை பேர் படம் போட்டிருக்க?”

மிஸ் வெர்னெட்டா எழுந்து, ஹாட்லியின் மேசைக்குப் போய், அவர் முன்னால் இருந்த ஒலிவாங்கியை வளைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வானொலி ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

“எல்லாருக்கும் மதிய வணக்கம். நான் வெர்னெட்டா கோல்ஸ்டன். இப்போ நீங்க கேட்ட பாட்டு கடைக்கு வந்திருக்கு. அதுல என் பேரு இருக்கு, என் மூஞ்சி இருக்கு. நான் இல்ல. என் கை கொஞ்சம் தாமதமா வரும். அது தப்புன்னு ஒரு கம்ப்யூட்டர் திருத்திடுச்சு. அது ஒண்ணும் கெட்ட பாட்டு இல்ல. வேணுங்கிறவங்க வாங்கிக்கோங்க. ஆனா என்னோடத நான் இப்போ முழுசா வாசிக்கப்போறேன். வீட்டுல காலி கேசட் இருந்தா எடுத்துப் போடுங்க. இல்லைன்னா மச்சான் கேசட்டு மேலயே பதிஞ்சுக்கோங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. சிவப்புப் பொத்தானையும் ஓடுற பொத்தானையும் ஒண்ணா அழுத்தணும். அவசரமில்ல. நான் காத்திருக்கேன்.”

நிஜமாகவே காத்திருந்தார். நேரலையில் மௌனம் எவ்வளவு பெரிய குற்றம் என்று வானொலிக்காரனைக் கேட்டால் தெரியும். நாற்காலியில் போய் உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஊரில் எத்தனை வீடுகளில் அலமாரிகள் திறந்து மூடினவோ, எத்தனை மச்சான்கள் கத்தினார்களோ.

“பர்செல்” என்றார்.

“சொல்லுங்க.”

“அந்தப் பெட்டிய அணை.”

பர்செல் அணைக்கவில்லை. மின்கம்பியையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டான். அவன் எதையும் அளவாகச் செய்கிறவன் இல்லை.

பிரென்ட் ஹாட்லியின் மேசைக்கு ஓடினான். “ஒலிபரப்ப நிறுத்துங்க! விளம்பரம் போடுங்க! எதையாவது போடுங்க!”

ஹாட்லி காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். “என்ன தம்பி? கேக்கலையே.”

“நிறுத்துங்கன்னேன்!”

“நிறுத்தணுமா? வண்டிய எங்க நிறுத்தணும்? பின்பக்கம் இடம் இருக்கு, போய் நிறுத்து.”

மிஸ் வெர்னெட்டா தொடங்கினார். முதல் பாட்டு, அதே பாட்டு. பர்செல் அடித்தான், என் பேஸ் விழுந்தது, அவர் வரவில்லை. பிறகு வந்தார். அந்த இடைவெளியில் என் தோள் கீழே இறங்குவதை நானே உணர்ந்தேன். அரங்கத்தில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆடினார்கள், மீன் தின்றவர்கள் தின்றார்கள். ஊதா தொப்பியின் வீட்டுக்காரர் மட்டும், அவளைச் சுழற்றிவிட்டுக் கையைப் பிடிக்க அவசரப்படாமல் கொஞ்சம் நின்று பார்த்தார். அவளும் சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

ஒன்பது பாட்டையும் வாசித்தார். நடுவே எங்கேயும் நிறுத்தவில்லை. ஒரு பாட்டின் வால் முடிவதற்குள் அடுத்ததன் தலையைத் தொட்டுவிடுவார், விளம்பரம் நுழைய இடம் கொடுக்காமல். ஏழாவது பாட்டில் ஹாட்லியால் பொறுக்க முடியவில்லை. அவருக்கும் சம்பளம் கொடுக்கிறவன் ஒருவன் இருக்கிறானே. பாட்டின் மேலேயே, அதே தேன் குரலில், மெத்தைக் கடை விளம்பரம் ஒன்றைத் தாளத்தோடு வாசித்துவிட்டார். அவரும் கொஞ்சம் தாமதமாகத்தான் வாசித்தார்.

முடிந்ததும் பிரென்ட் மேடைக்கு வந்தான். முதல் முறையாக அவனுக்கு வேர்த்திருந்தது.

“என்ன பண்ணிட்டீங்கன்னு தெரியுதா? கம்பெனி இனிமே உங்களத் திரும்பிக்கூடப் பாக்காது. விளம்பரம் கிடையாது, ரெண்டாவது ஆல்பம் கிடையாது. உங்க வயசுல உங்களுக்கு இன்னொரு கம்பெனி கிடைக்குமா?”

நான் உடனே இடையில் புகுந்தேன். பழக்கம். “பிரென்ட், உட்காந்து பேசுவோம். இந்த ஒலிபரப்பையே ஆல்பமா போட்டா, ஒரு பாதி...”

“லவோன்” என்றார் மிஸ் வெர்னெட்டா. அவ்வளவுதான்.

அவர் பிரென்டின் பக்கம் திரும்பினார். “நீ நல்ல பையன். உன்னைத் திட்ட எனக்கு ஆசையில்ல. நாளைக்குக் காலையில நான் மறுபடி மெஷின் முன்னாடி போய் உட்காருவேன். அது கடிதத்தத் தள்ளும், நான் தட்டுவேன், நொடி தவறாது. அது சொல்றத நான் கேட்டுக்கிறேன், ஏன்னா அது என் பிழைப்பு. ஆனா இங்கயும் அது சொல்றதுதான்னா நான் எதுக்கு இங்க வரணும்? அங்கயே ஓவர்டைம் பாத்துட்டுப் போயிடுவேனே.”

பிரென்ட் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். மின்கம்பி பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது. ஆனால் பலகார மேசையைத் தாண்டும்போது நின்றான், ஊதா தொப்பி அவன் கையில் ஒரு தட்டை வலுக்கட்டாயமாகத் திணித்துவிட்டாள்.

அவன் சொன்னது அப்படியே நடந்தது. கம்பெனி அவரைக் கைகழுவியது. குறுந்தகடு கடைகளில் தூசி பிடித்தது. வேறெந்தக் கம்பெனியும் வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கார்களில், சலவைக் கடைகளில், ஒரு பல் டாக்டரிடத்திலும்கூட அந்த ஞாயிறன்று வானொலியிலிருந்து பதிந்த கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது பாட்டு வந்தால் மெத்தைக் கடை விளம்பரத்தையும் சேர்த்தே எல்லோரும் முணுமுணுத்தார்கள். மெத்தைக் கடைக்காரனுக்கு வந்த யோகம் சொல்லி மாளாது.

என் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். ஊரே நகல் எடுக்க வாங்கித் தீர்த்ததில், திங்கட்கிழமை எழுபத்தொன்பதாம் தெருவில் எந்தக் கடையிலும் காலி கேசட் இல்லை. “ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ரெண்டு பெட்டி வாங்கி வெச்சு வித்திருப்பேனே” என்று மிஸ் வெர்னெட்டாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

“உன்கிட்ட சொல்லியிருந்தா அந்தத் தம்பிகிட்ட போய் அஞ்சு பாட்டுக்கு முடிச்சிருப்ப” என்றார்.

அதன் பிறகும் ஞாயிறு மதியங்களில் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். சில மாதம் கழித்து, வடபுறத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல கோட், நல்ல பழக்கம். புத்தம் புதுக் குறுந்தகட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மிஸ் வெர்னெட்டா அட்டையிலிருந்த தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“படம் நல்லா வந்திருக்கு” என்றார். “ஆனா வாசிச்சது நான் இல்லைங்க. வாசிச்ச பொட்டி லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கு, அதுகிட்ட வாங்கிக்கோங்க.”

கோட்டுக்காரருக்குப் பின்னால் ஒரு பஸ் டிரைவர் நின்றிருந்தான். அவன் கையில் ஒரு கேசட். பழைய ஞாயிற்றுப் பிரசங்கம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் மேல் பேனாவால் ‘வெர்னெட்டா’ என்று எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தான். மிஸ் வெர்னெட்டா அதை வாங்கி, பிழையைத் திருத்தாமல், கீழே மெதுவாகத் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தார்.